இலவசக் கவச வாகனம்: வாங்குவதா, கட்டுப்படுத்துவதா, திருப்பி அனுப்புவதா?

அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், பூங்கா வேலிக்கும் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கும் நடுவே காவல்துறைத் தலைவரின் கோரிக்கை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. ராணுவம் கழித்துவிட்ட கவச வாகனம் ஒன்று கிடைக்கிறது, பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டும் என்கிறார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடிக்குத் தாக்குப்பிடிப்பதற்காகக் கட்டிய வண்டி அது. பதினான்கு டன்னுக்குக் குறையாத எடை. ராணுவம் வாங்கியபோது ஆறேழு லட்சம் டாலர் விலை. ஊர் தரவேண்டியது ஏற்றிவரும் கூலியும் பிற்பாடு பராமரிப்புச் செலவும்தான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்காமல் வாங்கிய ஊர்களின் கதை போதுமான அளவு சேர்ந்துவிட்டதால், இந்த மாட்டின் பல்லைப் பார்த்துவிடுவது நல்லது.

பொருள் வரும் வழி பழையது. போதைப்பொருளுக்கு எதிரான போர் உச்சத்தில் இருந்தபோது, 1990ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் ராணுவ உபரியைக் காவல்துறைகளுக்குக் கைமாற்ற வழி திறந்தார்கள். 1997ஆம் நிதியாண்டுக்கான சட்டத்தின் 1033ஆவது பிரிவு அதை விரிவாக்கி நிலைப்படுத்தியது. அன்றிலிருந்து இத்திட்டத்துக்கு '1033' என்றே பெயர். ராணுவம் கொடுத்த விலையில் கணக்கிட்டால் 700 கோடி டாலருக்கு மேல் பெறுமானமுள்ள பொருள் இதுவரை கைமாறியிருக்கிறது. எல்லாம் ஆயுதம் அல்ல. எண்ணிக்கையில் பெரும்பகுதி நாற்காலி, மேசை, போர்வை, முதலுதவிப் பெட்டி, கம்பளி உடை. சண்டை துப்பாக்கிகளையும் கவச வண்டிகளையும் பற்றியது.

வாஷிங்டனைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் அங்கே நிலையான கொள்கையே கிடையாது. ஒபாமா 2015இல் சில பொருட்களைத் தடை செய்தார். டிரம்ப் 2017இல் அதை நீக்கினார். பைடன் 2022இல் மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் அதையும் ரத்துசெய்து, ஏப்ரலில் ராணுவ உபரியை உள்ளூர்க் காவல்துறைகளுக்கு இன்னும் அதிகமாகக் கொடுக்கவேண்டும் என்று ஆணையிட்டார். ஆக, முடிவு ஊர் மன்றத்தின் மேசையில்தான் வந்து விழுகிறது. அதன் முன்னால் நான்கு வழிகள் உண்டு. வாங்கிக்கொள்ளலாம், வாங்கி, சட்டம் போட்டுக் கட்டலாம், வேண்டாம் என்று திருப்பலாம், அல்லது அந்த வண்டி போகக்கூடிய வேலையையே காவல்துறையிடமிருந்து குறைக்கலாம்.

வாங்கிக்கொண்டால்

வாங்கச் சொல்பவர்களை ஆயுத மோகிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கையில் வலுவான நிகழ்வுகள் இருக்கின்றன. 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியில், உடல் முழுக்கக் கவசம் அணிந்த இரண்டு கொள்ளையர் தானியங்கித் துப்பாக்கிகளுடன் வங்கியிலிருந்து வெளியே வந்தார்கள். காவலர்களின் கைத்துப்பாக்கிக் குண்டுகள் அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை. சில காவலர்கள் பக்கத்திலிருந்த துப்பாக்கிக் கடைக்கு ஓடி ரைஃபிள்களை வாங்கிவர வேண்டியிருந்தது. பின்னர் அந்த நகரக் காவல்துறை பென்டகனிடமிருந்து 600 எம்-16 துப்பாக்கிகளைப் பெற்றதை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை. 2016 ஜூனில் ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவன் பணயக் கைதிகளோடு கழிப்பறையில் பதுங்கியிருந்தபோது, சுவரை இடித்து அவர்களை வெளியே கொண்டுவர உதவியது ஒரு கவச வாகனம். 2017இல் ஹூஸ்டனை ஹார்வி புயல் மூழ்கடித்தபோது, உயரமான சக்கரம் கொண்ட ராணுவ வண்டிகள் வீதி வீதியாகப் போய் மக்களை ஏற்றிவந்தன.

இவை உண்மை. ஆனால் இவை அபூர்வமானவை. வருடத்தின் மற்ற நாட்களில் அந்த வண்டியும் அதோடு சேர்ந்த 'ஸ்வாட்' என்னும் அதிரடிப் பிரிவும் யார் வீட்டு வாசலில் போய் நிற்கின்றன? குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2014இல் இருபது காவல் அமைப்புகளின் 800க்கும் மேற்பட்ட அதிரடிப் படை நடவடிக்கைகளை ஆராய்ந்தது. பணயக் கைதி, உள்ளே ஒளிந்துகொண்டு சுடுபவன், கண்மூடித்தனமாகச் சுடுபவன் போன்ற நெருக்கடிகளுக்குப் போனவை 7 சதவீதம். போதைப்பொருள் தேடிப் போனவை 62 சதவீதம். எந்த வேலைக்காக இப்படையை உருவாக்கினார்களோ அந்த வேலை நூற்றில் ஏழுதான். இந்தப் பிரிவுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பீட்டர் கிராஸ்காவின் மதிப்பீட்டின்படி, 1980களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஆண்டுக்கு 3,000 அளவில் இருந்த அதிரடி நடவடிக்கைகள், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுவில் 45,000ஐத் தொட்டன. பணயக் கைதிகள் அவ்வளவு பெருகிவிடவில்லை.

அந்த 62 சதவீதம் நேரில் எப்படி இருக்கும் என்பதை மேரிலாந்து மாநிலத்தின் பெர்வின் ஹைட்ஸ் என்ற சிற்றூரில் பார்க்கலாம். 2008 ஜூலை 29. ஊர் மேயர் செய் கால்வோ நாய்களை உலாவக் கூட்டிப்போய்விட்டு, வாசலில் கிடந்த பார்சலை எடுத்து உள்ளே வைத்தார். மனைவி பெயருக்கு வந்த பார்சல். பிரிக்கவில்லை, மாடிக்குப் போய் ஒரு கூட்டத்துக்காக உடை மாற்றத் தொடங்கினார். கீழே சமையலறையில் மாமியார் சமைத்துக்கொண்டிருந்தார். முகமூடி அணிந்தவர்கள் துப்பாக்கியோடு வருவதை ஜன்னல் வழியே கண்டு அவர் அலறினார். கதவு உடைந்தது. இரண்டு லாப்ரடார் நாய்களும் சுடப்பட்டன. மாமியாரைச் சமையலறைத் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். மேயரை உள்ளாடையோடு கீழே இறக்கிக் கையைக் கட்டினார்கள். பார்சலில் 32 பவுண்டு கஞ்சா இருந்தது. கடத்தல் கும்பல் ஒன்று சம்பந்தமில்லாதவர்களின் முகவரிக்குச் சரக்கை அனுப்பி, வழியில் தன் ஆள் மூலம் எடுத்துக்கொள்ளும் தந்திரம் அது. வாசலில் பார்சலை வைத்துவிட்டுப் போனதே கூரியர்காரர் வேடத்தில் வந்த காவலர்தான். ஊரின் சொந்தக் காவல்துறைத் தலைவருக்குக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீடு யாருடையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பாதிக்கப்பட்டவர் மேயர் என்பதால் நாட்டுக்கே தெரிந்தது. மேயர் அல்லாத வீடுகளில் நடந்தவை பெரும்பாலும் அந்தத் தெருவோடு நின்றுபோயின.

இந்த வழியில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 1033 திட்டத்தில் பெற்ற பொருளை ஓராண்டுக்குள் பயன்படுத்தத் தொடங்கியாக வேண்டும். நெருக்கடி வரும்வரை கொட்டகையில் காத்திருக்கட்டும் என்று சொல்லி வாங்கும் பொருளுக்கு, நெருக்கடி வந்தாலும் வராவிட்டாலும் ஏதாவது வேலை கண்டுபிடித்துக் கொடுக்க இந்த விதியே தூண்டுகிறது. காரணம் தேடுவதில் கற்பனைக்குப் பஞ்சம் இல்லை என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரம் சாட்சி. கவச வாகனம் வாங்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் மானியம் கேட்டபோது, பயங்கரவாத ஆபத்து இருக்கக்கூடிய இடமாக ஊரின் பூசணிக்காய்த் திருவிழாவைக் குறிப்பிட்டிருந்தார்கள். ஊரே சிரித்தது. 2014இல் அதே திருவிழாவை ஒட்டி மாணவர்கள் பெரிய கலவரமே செய்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் குடித்துவிட்டுப் பாட்டில் வீசும் மாணவர்களை அடக்கக் கவச வண்டி எதற்கு என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

கருவி இருந்தால் வேலை நடந்துவிடும் என்ற நம்பிக்கையை டெக்சஸின் யுவால்டே உடைத்தது. 2022 மே 24 அன்று பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். வந்து குவிந்த காவலர்கள் 376 பேர். ரைஃபிள் இருந்தது, கவசம் இருந்தது, கேடயம் வந்துகொண்டே இருந்தது. அவனை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆனது. அங்கே இல்லாமல் போனது தலைமையும் பயிற்சியும் துணிவும். இவை எந்த உபரிக் கிடங்கிலும் கிடைப்பதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2017இல் வந்த இரண்டு பொருளாதார ஆய்வுகள், ராணுவப் பொருள் பெற்ற இடங்களில் குற்றம் குறைந்ததாகக் கூறின. காவல்துறைத் தலைவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இவற்றைத்தான். மூன்று ஆண்டு கழித்து 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் இரண்டு மறு ஆய்வுகள் வந்தன. பழைய தரவுகளில் குறைபாடு இருந்ததைக் காட்டி, மேம்பட்ட தரவில் அந்தக் குறைவு தென்படவில்லை என்றன. மறுபக்கம், பொருள் அதிகம் பெற்ற கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) காவலர் கையால் மடிந்தவர்கள் அதிகம் என்று 2017இன் வேறோர் ஆய்வு சொன்னது. அது நான்கு மாநிலங்களை மட்டும் பார்த்த ஆய்வு என்பதால் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற நான் தயாரில்லை. நான் அதிகம் மதிப்பது பிரின்ஸ்டனின் ஜோனதன் மும்மோலோ 2018இல் வெளியிட்ட ஆய்வை. மேரிலாந்தில் அதிரடிப் பிரிவுகள் எங்கே போயின என்று பார்த்தார். குற்ற விகிதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதிகளுக்கே அவை அடிக்கடி போயிருந்தன. வன்குற்றமோ காவலர்களுக்கு நேரும் காயமோ குறைந்ததற்கு அடையாளம் இல்லை. அதோடு, ராணுவக் கோலத்தில் நிற்கும் காவலர் படத்தைப் பார்த்தவர்களிடம் காவல்துறைக்குக் கூடுதல் பணம் ஒதுக்கும் விருப்பம் குறைந்தது.

கடைசியாகச் சொன்னதை நகர மன்ற உறுப்பினர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். 2014 ஆகஸ்டில் மிசௌரியின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மக்கள் தெருவில் இறங்கியபோது, கவச வண்டியின் மேல் அமர்ந்து கூட்டத்தை நோக்கித் துப்பாக்கிக் குறிபார்த்த காவலரின் படம் உலகம் சுற்றியது. கலைக்க வந்த காட்சியே கூட்டத்தைப் பெருக்கியது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறை வேனின் மேலேறிக் குறிபார்த்தவரின் படத்தைக் கண்ட தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் போட்டுக் கட்டினால்

மும்மோலோவால் மேரிலாந்தை ஆராய முடிந்ததற்குக் காரணம் பெர்வின் ஹைட்ஸ்தான். கால்வோ சும்மா இருக்கவில்லை. அவர் விடாமல் பேசியதன் விளைவாக, ஒவ்வொரு காவல் அமைப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் அதிரடிப் படை எத்தனை தடவை, எங்கே, எதற்காகப் போனது என்று கணக்குக் கொடுக்கவேண்டும் என 2009இல் மாநிலம் சட்டம் இயற்றியது. முதல் கணக்கிலேயே உண்மை வெளிப்பட்டது. மாநிலத்தில் நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேல் அதிரடிப் படை கிளம்பியிருந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் சோதனை அல்லது கைது வாரண்டுக்காக. அதுவரை இதை யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை. 2014இல் அச்சட்டம் காலாவதியானது, கணக்கும் நின்றது.

இதைவிட உறுதியான முன்மாதிரி கலிஃபோர்னியாவின் 481ஆம் எண் சட்டம். 2022 முதல் அமலில் இருக்கிறது. கவச வண்டி, டிரோன், ரோபோ, கண்ணைக் கூசவைத்துக் காதை அடைக்கும் குண்டு, கண்ணீர்ப்புகை எல்லாம் அதன் பட்டியலில் வரும். வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் ஊர் மன்றம் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் தர வேண்டும். வேறு வழி இல்லை என்பதைக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு, மக்களைக் கூட்டிப் பதில் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சி 2015இலேயே, 1033 பொருள் வேண்டுமானால் ஊர் மன்றம் ஒப்ப வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது.

கலிஃபோர்னியாவின் சட்டத்தால் பயன் உண்டா என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சாட்சி. இச்சட்டம் கேட்டதால் காவல்துறை தன் ரோபோக்களுக்கான விதிகளை எழுதி மன்றத்தின் முன் வைத்தது. நெருக்கடியில் ரோபோவை உயிர்பறிக்கும் கருவியாகப் பயன்படுத்தலாம் என்ற வரி அதில் இருந்தது. 2022 நவம்பர் 29 அன்று மன்றம் 8-3 என்று அதை ஏற்றது. செய்தி பரவியது, மக்கள் திரண்டனர், ஒரே வாரத்தில் மன்றம் முடிவை மாற்றிக்கொண்டது. சட்டம் இல்லாத ஊரில் அந்த வரியை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

மேலிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் என்ன ஆகும்? 2017இல் நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், உண்மையில் இல்லாத ஓர் அரசு அமைப்பைக் கற்பனையாக உருவாக்கி 1033 திட்டத்தில் விண்ணப்பித்தது. இரவில் பார்க்கும் கண்ணாடி, பயிற்சிக்கான போலி வெடிகுண்டுகள் என 12 லட்சம் டாலர் பெறுமான நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் வந்து சேர்ந்தன.

இவ்வழியின் பலவீனமும் தெரிந்ததே. விதிகளை எழுதுவது காவல்துறையே. நூறு பக்க ஆவணத்தை இரவு பத்து மணிக்குப் புரட்டும் பகுதிநேர மன்ற உறுப்பினர் கேள்வி கேட்காமல் கையெழுத்திடுவது மிக எளிது. கூட்டத்துக்கு யாரும் வராத ஊரில் இச்சட்டம் காகிதமாகவே இருக்கும்.

திருப்பி அனுப்பினால்

பல்கலைக்கழக ஊரான கலிஃபோர்னியாவின் டேவிஸ், ஃபெர்குசன் நடந்த அதே மாதம், தனக்கு வந்த ஏழு லட்சம் டாலர் கவச வண்டியை வேண்டாம் என்று முடிவு செய்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் தன் காவல் பிரிவு பெற்றிருந்த கையெறிகுண்டு ஏவிகளைத் திருப்பியது. பள்ளிக்கூடத்துக்கு அவை எப்படி வந்தன என்பது தனிக் கதை. சான் டியேகோ பள்ளி மாவட்டமோ தன் கவச வண்டிக்கு வேறு வண்ணம் பூசி, மருந்தும் கரடி பொம்மைகளும் நிரப்பி மீட்பு வண்டியாக்கத் திட்டமிட்டது. ஊர் ஏற்கவில்லை, அதுவும் திரும்பிப்போனது.

திருப்பினால் குற்றம் கூடுமா? ஒபாமாவின் தடை இதைத் தானாகவே சோதித்துப் பார்த்தது. அப்போது 126 சங்கிலிச் சக்கரக் கவச வண்டிகளும் 138 கையெறிகுண்டு ஏவிகளும் 1,623 துப்பாக்கிமுனைக் கத்திகளும் திரும்பப் பெறப்பட்டன. காவலர்கள் அந்தக் கத்திகளை வைத்து என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேலே சொன்ன மறு ஆய்வுகளில் ஒன்று, பொருளைத் திருப்பிய இடங்களையும் மற்ற இடங்களையும் ஒப்பிட்டு, வன்குற்றத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது.

ஆனால் திருப்பிய வண்டி உருக்கு உலைக்குப் போவதில்லை. வரிசையில் நிற்கும் அடுத்த காவல்துறைக்குப் போகிறது. நெருக்கடி வந்தால் பக்கத்து ஊர் அதே போன்ற வண்டியை உதவிக்கு ஓட்டிவரும். உங்கள் ஊர்க் கணக்கில் பொருள் இல்லை, தெருவில் இருக்கும். 1033ஐ மூடினாலும் உள்நாட்டுப் பாதுகாப்பு மானியம் என்ற இன்னொரு கதவு திறந்தே கிடக்கிறது. கீன் நகரத்து வண்டி அந்தக் கதவு வழியாக வந்ததுதான். இவ்வழியில் வெற்றி கண்ணுக்குத் தெரியும், கொண்டாடலாம். ஆனால் சோதனை வாரண்டுக்குக் கதவை உடைக்கும் வழக்கம் அதனால் மாறாது. பெர்வின் ஹைட்ஸில் நடந்ததற்குக் கண்ணிவெடி தாங்கும் வண்டி தேவைப்படவில்லை.

வேலையைக் குறைத்தால்

டென்வர் நகரம் 2020 ஜூனில் ஒரு வேனில் மனநலப் பணியாளரையும் மருத்துவப் பணியாளரையும் அனுப்பத் தொடங்கியது. போதையில் விழுந்துகிடப்பவர், தனக்குத் தானே பேசிக்கொண்டு கடைவாசலில் நிற்பவர், தூங்க இடமில்லாதவர் பற்றிய அழைப்புகளுக்குத் துப்பாக்கி இல்லாத இவர்கள் போனார்கள். முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள். ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை. அப்பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்தன, வன்குற்றம் கூடவில்லை என்று 2022இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கூறியது. செலவும் வழக்கமான முறையில் நான்கில் ஒரு பங்குதான்.

இதற்கு மூதாதை ஓரிகனின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கிய 'கஹூட்ஸ்'. 2019இல் அது எதிர்கொண்ட சுமார் 24,000 அழைப்புகளில் காவல்துறையைத் துணைக்குக் கூப்பிட்டது நூற்றுக்கு இரண்டு தடவைகூட இல்லை. அப்படிப்பட்ட சேவையே 2025 ஏப்ரலில் பணம் இல்லாமல் யூஜீனில் நின்றுபோனது. கவச வண்டிக்குப் பணம் ஒதுக்காவிட்டாலும் அது கொட்டகையில் நிற்கும். மனிதர்களை வைத்து நடத்தும் சேவையோ, ஒரு வருடம் நிதி தவறினால் கலைந்துவிடும். தவிர, வடக்கு ஹாலிவுட்டுக்கு இவர்களை அனுப்ப முடியாது, அனுப்பவும் யாரும் சொல்லவில்லை.

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரம் போல 2013இல் காவல்துறையையே கலைத்துப் புதிதாகக் கட்டும் வழியும் உண்டு. பணம் தீர்ந்து பாதிக் காவலர்களை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்த ஊர் அது. நம் கற்பனை ஊருக்கு அந்த நிலை வரவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

சுற்றிலும் பெரிய ஊர்கள் உள்ள ஐம்பதாயிரம் பேர் ஊர் என்றால், வண்டி வேண்டாம் என்பேன். நெருக்கடி வந்தால் அரைமணி நேரத்தில் கவுன்டியின் வண்டி வரும். அதை இன்னின்ன சூழலில்தான் கூப்பிடலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் ஆகும் பணத்தை டென்வர் போன்ற ஒரு வேனுக்கு, குறைந்தது ஐந்து வருட ஒதுக்கீடாக, கொடுக்க வேண்டும்.

அடுத்த ஊர் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும், ஆண்டுதோறும் வெள்ளம் வரும் கவுன்டி என்றால் என் விடை மாறும். அங்கே வாங்கலாம், ஆனால் கலிஃபோர்னியாவைவிடக் கடுமையான கட்டோடு. சோதனை வாரண்டுக்கு அதை எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டுமானால் எந்த வீட்டில் என்ன ஆபத்து என்று பெயர் போட்டு ஓர் உயரதிகாரி கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கே போனது, என்ன கிடைத்தது, யாருக்குக் காயம் என்ற கணக்கு வர வேண்டும். மேரிலாந்தில் காலாவதியானது கணக்குக் கொடுக்கும் கடமை. இங்கே அந்தக் கடமை நிலையாக இருக்கட்டும். வண்டிக்கான அனுமதி இரண்டு வருடத்தில் தானாக முடிந்துபோய், மன்றம் மறுபடி வாக்களித்தால் மட்டுமே நீடிக்கட்டும்.

எந்த ஊரானாலும் வாக்கெடுப்புக்கு முன்னால் காவல்துறைத் தலைவரிடம் ஒரு தாளைக் கேட்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் அதிரடிப் பிரிவு போன இடங்கள், போன காரணம், கிடைத்த பொருள். அந்தத் தாள் தயாராக இல்லை என்று அவர் சொன்னால், கோரிக்கையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டுக் குப்பை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம்.